கணினிக் கேள்வி பதில்: லொக் பைல் சுழலாமல் நின்றால்

வாசகர்களுக்கு ஒரு சொல்: இந்தப் பகுதியில் கட்டளைகளை உச்சரிப்பாகத் தமிழில் எழுதுகிறேன். ஒருவர் வாசிக்க மற்றவர் விசைப்பலகையில் அடிப்பதாகப் பல வீடுகளிலிருந்து எழுதுகிறீர்கள். அவர்களுக்கு இது வசதி. அடிக்கும்போது ஆங்கில எழுத்தில், கட்டளைகளைச் சின்ன எழுத்தில் அடியுங்கள். பைல்களுக்குள்ளும் நிரல்களுக்குள்ளும் எழுதும் சொற்களில் பெரிய எழுத்தும் வரும். லொக் பைல் என்பது கொம்பியூட்டர் தன்னில் நடப்பதை எழுதி வைக்கும் பைல். அதைச் சுழற்றுவது என்றால் பழையதைப் பெயர் மாற்றி ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்குவது.

கேள்வி: பிள்ளைக்கு வணக்கம். மகன் கட்டாருக்குப் போகமுதல் டெபியன் 11 என்ற லினக்ஸ் போட்டுத் தந்த பழைய டெஸ்க்டொப் ஒன்று என்னிடம் இருக்கிறது. ஒருநாள் காலை கடவுச்சொல்லை அடித்தேன். திரை கறுத்துப்போய் மறுபடியும் கடவுச்சொல்லையே கேட்டது. மருமகன் வந்து பார்த்து, டிஸ்க்கின் 28 ஜிபி பகிர்வு (பார்ட்டிஷன்) நிரம்பிவிட்டது, சிஸ்லொக் என்ற லொக் பைல் மட்டும் 6 ஜிபி என்று சொல்லி அதை அழித்தார். அழித்த பிறகும் இடம் வரவில்லை. கொம்பியூட்டரை நிறுத்திப் போட்டபின்தான் வந்தது. ஐந்து கிழமையில் திரும்ப நிரம்பிவிட்டது. பிறகு நானே படித்து, லொக் பைல்களைச் சுழற்றும் லொக்ரொட்டேட்டில் 50 எம்பிக்கு மேல் போகக்கூடாது என்று ஒரு பைல் எழுதி வைத்தேன். அதையும் அது மதிக்கவில்லை. என்ன பிழை விட்டேன்? – ஓய்வுபெற்ற ஆசிரியர், அலஸ்தோட்டம்

பதில்: ஐயா, நீங்கள் இருப்பது பக்கத்தில் என்றபடியால் கடிதம் கிடைத்த ஞாயிறு பின்னேரமே வந்து பார்த்தேன். அன்று உங்கள் மேசையில் கண்டதை மற்ற வாசகர்களுக்கும் பயன்படும்படி எழுதுகிறேன்.

முதலில் அந்த அழிக்கிற விஷயம். சிஸ்லொக் பைலைத் திறந்து வைத்து எழுதிக்கொண்டிருப்பது ஆர்சிஸ்லொக் என்ற சேவை. பைலை நாங்கள் அழித்தால் பெயர்தான் போகும். ஆர்சிஸ்லொக் அதைத் திறந்து வைத்திருக்கும்வரை டிஸ்க்கில் பிடித்த இடம் பிடித்தபடியே இருக்கும். சேவையை நிறுத்தித் தொடங்கினால்தான், அல்லது முழுக் கொம்பியூட்டரையும் நிறுத்திப் போட்டால்தான் இடம் வரும். உங்களுக்கு நடந்தது அதுதான். உடனே இடம் வேண்டுமென்றால் அழிக்காமல் வெறுமையாக்குங்கள்: ‘சூடோ ட்ரங்கேட் -எஸ் 0 /வார்/லொக்/சிஸ்லொக்’.

ஆனால் வெறுமையாக்கமுதல் கடைசி ஐயாயிரம் வரியையாவது ‘டெயில் -என் 5000’ கொண்டு வேறொரு இடத்தில் சேமியுங்கள். இதை நான் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2014இல் ஒரு ரியூஷன் வகுப்புக் கொம்பியூட்டர் இதேபோல நிரம்பி என்னிடம் வந்தது. அவசரமென்று சொன்னார்கள். லொக்கை வாசிக்காமலே வெறுமையாக்கி, பத்து நிமிடத்தில் திருப்பிக் கொடுத்தேன். பதினோராம் நாள் அதன் ஹார்ட் டிஸ்க் செத்தது. நாலு வருட வினாத்தாள்கள் அதோடு போயின. அந்த லொக் ஏன் அவ்வளவு பெருத்தது என்று அன்று ஒரு பக்கம் வாசித்திருந்தால், டிஸ்க் வாசிக்க முடியாத இடங்களைப் பற்றி அது மணிக்கணக்காக எழுதியிருந்ததைக் கண்டிருப்பேன். அந்த ரீச்சர் என்னைக் குறை சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அது இன்னும் மறக்கவில்லை.

சரி, லொக்ரொட்டேட் ஏன் வேலை செய்யவில்லை? அது எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் சேவை அல்ல. டெபியன் 11இல், சேவைகளைக் கவனிக்கும் சிஸ்டம்டியின் டைமர் ஒன்று நாளுக்கு ஒருதடவை அதை எழுப்பும். நள்ளிரவுதான் கணக்கு. அந்த நேரம் கொம்பியூட்டர் நிறுத்தியிருந்தாலும் அடுத்த நாள் போட்டதும் தவறியதைச் செய்துவிடும். “இரவில் நிறுத்துகிறேன், அதனால்தான் சுழலவில்லையோ” என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் மெஷினில் அது காரணமல்ல. பழைய முறையில், குரோன் என்ற நேரம் பார்க்கும் சேவை விடியற்காலை 6.25க்கு எழுப்பிய காலத்தில், தவறியதைப் பிறகு செய்யும் அனக்ரோன் இல்லாத வீடுகளில் அப்படி நடந்தது உண்டு.

‘சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் லொக்ரொட்டேட்’ என்று அடித்தோம். சிவப்பில் பெயில்ட் என்று வந்தது. அப்போ டைமர் எழுப்புகிறது, எழுந்தவர்தான் விழுகிறார். அடுத்து, எதையும் மாற்றாமல் என்ன செய்யப் போகிறது என்று மட்டும் சொல்லும் சோதனை ஓட்டம்: ‘சூடோ லொக்ரொட்டேட் -டி /ஈடிசி/லொக்ரொட்டேட்.கொன்ப்’. வாசகர்களே, வேறு எதைச் செய்யமுதலும் இதைச் செய்யுங்கள். பக்கம் பக்கமாக ஓடும். பயப்படாமல் மேலே போய், எரர் என்று தொடங்கும் வரிகளை மட்டும் எழுதி எடுங்கள். ஐயாவின் மெஷினில் அப்படி இரண்டு வகை வரிகள் இருந்தன.

ஒன்று, மேல் போல்டரின் அனுமதி பாதுகாப்பற்றது, எல்லாரும் எழுதலாம் என்று இருக்கிறது, ஆகவே இந்தப் பைலைத் தவிர்க்கிறேன் என்பது. ‘எல்எஸ் -எல்டி /வார்/லொக்’ அடித்தால் உண்மையாகவே எல்லாருக்கும் எழுத அனுமதி. உங்கள் மருமகனிடம் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் கடவுச்சொல் அடிக்காமல் லொக் வாசிக்க வேண்டுமென்று, எங்கோ பார்த்து 777 (எல்லாருக்கும் எல்லா அனுமதியும்) கொடுத்ததாகச் சொன்னார். நல்ல நோக்கம்தான். ஆனால் லொக்ரொட்டேட் ரூட்டின், அதாவது எல்லாம் செய்யக்கூடிய நிர்வாகியின், அதிகாரத்தோடு ஓடுகிறது. யாரும் எழுதக்கூடிய போல்டரில் ஒருவர் லொக் பைலின் இடத்தில் வேறொரு பைலுக்குப் பாதை காட்டும் இணைப்பை வைத்துவிட்டால், ரூட்டின் கையாலேயே அந்த வேறு பைல் கெட்டுப்போகும். அதனால் அது தொட மறுக்கிறது. மறுப்பது சரியும்கூட.

இதற்கு ஒரு சாட்சியும் அங்கேயே இருந்தது. /வார்/லொக்கில் நேரே கிடந்த சிஸ்லொக்கும், கேர்னல் என்ற லினக்ஸின் உட்கரு சொல்வதைப் பதியும் கேர்ன் லொக்கும் மாதக்கணக்காக ஒரே பைலாக வீங்கியிருக்க, உள்ளே இருந்த ஏபிடி (மென்பொருள் நிறுவும் கருவி) போல்டரின் லொக்குகள் மாதம் மாதமாக ஒழுங்காகச் சுழன்று, சுருக்கி வைக்கப்பட்டிருந்தன. அந்த உள் போல்டரின் அனுமதியை யாரும் தொடவில்லை. சில லொக் சுழல்கிறது, சில சுழலவில்லை என்றால் அவை எந்தப் போல்டரில் இருக்கின்றன என்று பாருங்கள்.

ரூட் மட்டும் எழுதலாம் என்று ஆக்க, ‘சூடோ சிஎச்மொட் 755 /வார்/லொக்’ என்று அடித்ததும் அந்த எரர் போய்விட்டது. இங்கே -ஆர் சேர்த்து உள்ளே இருப்பவை எல்லாவற்றையும் மாற்றிவிடாதீர்கள். அது வேறு வியாதி. கடவுச்சொல் இல்லாமல் லொக் வாசிக்க விரும்பினால் உங்கள் பெயரை ஏடிஎம் என்ற குழுவில் சேர்த்தால் போதும், அந்தக் குழுவுக்கு வாசிக்க அனுமதி ஏற்கெனவே உண்டு. மருமகனுக்கும் சேர்த்துவிட்டேன். அவர் லொக் வாசிக்க ஆசைப்படுவது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

இரண்டாவது எரர் நீங்கள் எழுதிய பைலால் வந்தது ஐயா. சிஸ்லொக்கைச் சுழற்றும் விதி /ஈடிசி/லொக்ரொட்டேட்.டி போல்டரில் ஆர்சிஸ்லொக் என்ற பெயரில் முன்னமே இருக்கிறது. நீங்கள் அதைத் தொடாமல் பக்கத்தில் சிஸ்லொக்50 என்று புதிதாக ஒன்று வைத்தீர்கள். ஒரே லொக்குக்கு இரண்டு விதி வந்தால், அகரவரிசையில் முந்தி வந்தது நிற்கும், பிந்தி வந்தது தவிர்க்கப்படும். ஆங்கில வரிசையில் உங்களுடையது பிந்தி. ஆகவே நீங்கள் எழுதிய 50 எம்பியை அது ஒருநாளும் பார்க்கவில்லை. அந்தப் பைலை எடுத்துவிட்டு, ஆர்சிஸ்லொக் பைலுக்குள்ளேயே மக்ஸ்சைஸ் 50எம் (எம் மட்டும் பெரிய எழுத்தில்) என்ற வரியைச் சேர்த்தோம்.

சைஸ் என்று எழுதாமல் மக்ஸ்சைஸ் என்று எழுதியதற்கும் காரணம் உண்டு. சைஸ் என்றால் நாள், கிழமைக் கணக்கை விட்டுவிட்டு அளவை மட்டும் பார்க்கும். மக்ஸ்சைஸ் என்றால் கிழமைக் கணக்கும் இருக்கும், இடையில் அளவு மீறினால் அப்போதும் சுழற்றும். இரண்டிலுமே அளவைப் பார்ப்பது லொக்ரொட்டேட் எழும்போது மட்டும்தான். நாளுக்கு ஒருதடவை எழுந்தால், அந்த ஒரு நாளுக்குள் பைல் 2 ஜிபிக்குப் போனாலும் தடுக்க ஆளில்லை.

இவ்வளவும் சரியாக்கிய பிறகும் எனக்கு மனம் ஆறவில்லை. வீட்டுக் கொம்பியூட்டர் ஒன்றின் சிஸ்லொக் ஐந்து கிழமையில் 6 ஜிபிக்கு வரக்கூடாது. சிஸ்லொக்கில் புதிதாக விழும் வரிகளை அப்படியே காட்டும் ‘டெயில் -எப்’ போட்டுப் பார்த்தோம். வரிகள் கண்ணால் பிடிக்க முடியாத வேகத்தில் ஓடின. நிறுத்தி வாசித்தால் எல்லாம் ஒரே பாட்டு: பிசிஐஇ பஸ் எரர், சிவியாரிட்டி கரெக்டட். அதாவது உள்ளே ஒரு கார்ட்டோடு பேசும்போது தவறு வருகிறது, உடனே திருத்தியும் விடுகிறது. திருத்திவிடுவதால் இணையம் வேலை செய்யும், படம் ஓடும், உங்களுக்கு ஒன்றும் தெரியாது. லொக்குக்கு மட்டும்தான் தெரியும். அதிலும் கேர்னல் சொல்லும் ஒவ்வொரு வரியும் சிஸ்லொக்கில் ஒன்று, கேர்ன் லொக்கில் ஒன்று, சிஸ்டம்டி தனியாக வைத்திருக்கும் ஜேர்னல் என்ற லொக்கில் ஒன்று என்று மூன்று இடத்திலாவது பதியப்படும்.

வரியில் இருந்த எண்ணை, உள்ளே உள்ள கார்ட்டுகளைக் காட்டும் ‘எல்எஸ்பிசிஐ’ பட்டியலோடு ஒப்பிட்டால் அது வைபை கார்ட். மின்சாரத்தைக் கழற்றி, பக்கத் தகட்டைத் திறந்து கார்ட்டை இழுத்து எடுத்தேன். பொன்முலாம் பூசிய பற்களின் மேல் மங்கலாக ஒரு படலம், ஓரத்தில் கடுகளவு பச்சைப் புள்ளிகள் மூன்று. உங்கள் யன்னலுக்கும் கடலுக்கும் இடையில் ஒரு ஒழுங்கையும் நாலு தென்னையும்தான் ஐயா. மாரி முழுக்க வாடைக்காற்று உப்பைக் கொண்டுவந்து அந்த அறைக்குள் போட்டிருக்கிறது. பேத்தியின் அழிறப்பரை வாங்கி, பற்களின் நீளப்பாட்டுக்கு மெல்லத் தேய்த்தேன். அழிறப்பரில் கறுப்பு ஏறியது. ஐசோபுரொப்பைல் மதுசாரம் தோய்த்த துணியால் துடைத்து, காயவிட்டு, கிளிக் என்று கேட்கும்வரை அழுத்திப் போட்டேன். மறுபடி ‘டெயில் -எப்’. மூன்று நிமிடத்தில் இரண்டே இரண்டு வரி வந்தது. அதில் ஒன்று நேரத்தைச் சரிசெய்ததாகச் சொன்னது.

இந்தப் பிரச்சினைக்கு இணையத்தில் தேடினால், பூட் ஆகும் வரியில் பிசிஐ=நோஏஇஆர் சேருங்கள் என்று முதலில் சொல்வார்கள். சேர்த்தால் வரிகள் நின்றுவிடும். சில மதர்போர்ட்டுகளில் கார்ட்டும் ஸ்லொட்டும் சுத்தமாக இருந்தும் இந்தச் சத்தம் ஓயாது, அங்கே அது சரியான வழிதான். கடற்கரை வீட்டில் முதல் வேலை கழற்றித் துடைப்பது.

கடைசியாக ஜேர்னல். இதை லொக்ரொட்டேட் தொடுவதே இல்லை. தானாக பகிர்வின் பத்து வீதத்தோடு, அதிகம் போனால் 4 ஜிபியோடு நிற்கும். உங்களுடையதில் 2.8 ஜிபி பிடித்திருந்தது. ஜேர்னல்டி.கொன்ப் பைலில் சிஸ்டம்மக்ஸ்யூஸ் 200எம் என்று மட்டுப்படுத்தியிருக்கிறேன். அடுத்த மாரி முடிந்ததும் ஒருக்கா அந்தக் கார்ட்டைக் கழற்றிப் பாருங்கள். தேத்தண்ணிக்கும் பருத்தித்துறை வடைக்கும் நன்றி.

கேள்வி: அக்கா, வீட்டுத் தண்ணீர்த் தாங்கியின் மட்டத்தை நிமிடத்துக்கு ஒருதடவை அளந்து பதியும் பைதன் நிரல் ஒன்று எழுதியிருக்கிறேன். லொக்ரொட்டேட் போட்டேன். சுழல்கிறது. ஆனால் புதிய பைல் 0 பைட்டிலேயே நிற்க, பெயர் மாற்றப்பட்ட பழைய பைல்தான் வளர்கிறது. – உயர்தர மாணவன், சாம்பல்தீவு

பதில்: தம்பி, மேலே ஐயாவுக்குச் சொன்ன அதே சங்கதிதான் வேறு வேஷத்தில் வந்திருக்கிறது. நிரல் பைலைத் திறந்த பிறகு அதைப் பெயரால் பிடித்திருப்பதில்லை, ஐனோட் என்ற உள் இலக்கத்தால் பிடித்திருக்கிறது. வாசலில் பெயர்ப்பலகையை மாற்றினாலும் உள்ளே குடியிருப்பவர் அவரேதான். லொக்ரொட்டேட் பலகையை மாற்றிவிட்டுப் போய்விட்டது. உன் நிரலுக்கு யாரும் சொல்லவில்லை.

பெரிய சேவைகளுக்கு போஸ்ட்ரொட்டேட் என்ற பகுதியில் “பைலை மூடித் திற” என்று சைகை அனுப்புவார்கள். உன் சின்ன நிரலுக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, விதியில் கொப்பிட்ரங்கேட் சேர்ப்பது. பைலைப் பிரதி எடுத்துவிட்டு அதையே வெறுமையாக்கும். பிரதி எடுப்பதற்கும் வெறுமையாக்குவதற்கும் இடையில் விழுந்த வரி தொலையலாம். தாங்கி மட்டத்துக்கு அது பெரிய நட்டமில்லை, காசுக் கணக்கு எழுதும் நிரலுக்கு நான் இதைப் போடமாட்டேன். கொப்பிட்ரங்கேட் போடுவதென்றால் நிரலில் பைலைத் திறக்கும்போது ‘டபிள்யூ’ (முதலிலிருந்து எழுது) வேண்டாம், ‘ஏ’ (கடைசியில் சேர்) கொடு. இல்லாவிட்டால் வெறுமையாக்கிய பிறகும் நிரல் பழைய இடத்திலிருந்தே எழுதும், பைலின் முன்பகுதி முழுக்கப் பூச்சியங்களாக இருக்கும்.

எனக்குப் பிடித்தது மற்ற வழி. பைதனின் லொகிங் தொகுதியில் வொச்ட்பைல்ஹான்ட்லர் இருக்கிறது. பைல் மாறிவிட்டதா என்று ஒவ்வொரு தடவையும் தானே பார்த்து, மாறியிருந்தால் புதியதைத் திறக்கும். லொக்ரொட்டேட்டே வேண்டாம் என்றால் ரொட்டேட்டிங்பைல்ஹான்ட்லர். அதில் மக்ஸ்பைட்ஸ் (உச்ச அளவு) மட்டும் கொடுத்து, பக்கப்கவுண்டை (வைக்கும் பழைய பைல்களின் எண்ணிக்கை) பூச்சியமாக விட்டால் ஒருநாளும் சுழலாது. நிறையப் பேர் அங்கேதான் தடக்குப்படுகிறார்கள். ஒரு பைலைச் சுழற்ற ஒரு ஆள் போதும், இரண்டையும் சேர்த்துப் போடாதே.

உன் அளவீடுகளை மாதம் முடிய ஒரு வரைபாகப் போட்டு அனுப்பு. பார்க்க ஆவலாக இருக்கிறேன்.

கேள்வி: மிஸ், எங்கள் வீட்டில் விண்டோஸ் 7. சி டிரைவ் ஒவ்வொரு நாளும் குறைகிறது. விண்டோஸ் போல்டருக்குள் டெம்ப் போல்டரில் கப் என்று தொடங்கும் பைல்கள் நூற்றுக்கு மேல். அழித்தால் திரும்ப வருகின்றன. வைரஸா? – கிண்ணியா வாசகி

பதில்: வைரஸ் இல்லை, பயப்படாதீர்கள். இதுவும் சுழற்சி தடைப்பட்ட கதைதான். விண்டோஸ் தன் பாகங்களை நிறுவுவது பற்றி சிபிஎஸ் என்ற லொக் எழுதுகிறது. அது பெருத்ததும் சிபிஎஸ்பெர்சிஸ்ட் என்று பெயர் மாற்றி, கப் என்ற சுருக்கப் பைல் செய்யும் மேக்கப் என்ற நிரலால் சுருக்கி வைக்கும். மேக்கப்பால் 2 ஜிபிக்கு மேற்பட்ட பைலைச் சுருக்க முடியாது. ஏதோ காரணத்தால் லொக் அந்த அளவைத் தாண்டிவிட்டால், சுருக்கத் தொடங்கி, தோற்று, பாதியில் விட்ட துண்டை டெம்ப் போல்டரில் போட்டுவிடும். பிறகு திரும்பத் தொடங்கும். நீங்கள் துண்டுகளை அழிக்கிறீர்கள், மூலம் அப்படியே இருக்கிறது.

சேவைகள் பட்டியலில் விண்டோஸ் மொடியூல்ஸ் இன்ஸ்டோலரை நிறுத்துங்கள். விண்டோஸ், லொக்ஸ், சிபிஎஸ் என்று உள்ளே போய் 2 ஜிபிக்கு மேலுள்ள சிபிஎஸ்பெர்சிஸ்ட் பைலை வெளி டிஸ்க்குக்கு நகர்த்துங்கள். பிறகு டெம்ப்பில் உள்ள கப் துண்டுகளை அழித்து, மெஷினை நிறுத்திப் போடுங்கள். அடுத்து நிர்வாகி உரிமையோடு கட்டளைத் திரையைத் திறந்து ‘எஸ்எப்சி /ஸ்கான்நவ்’ ஓட்டுங்கள். லொக் அவ்வளவு பெருத்ததற்கு உள்ளே ஏதும் கெட்டிருக்கிறதா என்று அது சொல்லும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விண்டோஸ் 7க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14ஓடு நின்றுவிட்டன. அந்த மெஷினில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள். மெஷின் நல்ல நிலையில் இருந்தால் லினக்ஸ் போட்டுப் பாவிக்கலாம், எப்படியென்று அடுத்த கடிதத்தில் கேளுங்கள்.

கேள்வி: மின்வெட்டுக்குப் பிறகு லொக்ரொட்டேட் ஓட்டினால், ஸ்டேட் பைலின் முதல் வரி பிழை என்று நிற்கிறது. – தம்பலகாமம்

பதில்: 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் நின்ற நாட்களில் இதே எரரோடு பலர் வந்தார்கள். எந்த லொக்கை எப்போது சுழற்றினேன் என்று லொக்ரொட்டேட் குறித்து வைக்கும் கொப்பி /வார்/லிப்/லொக்ரொட்டேட் போல்டரில் ஸ்டேட்டஸ் என்ற பெயரில் இருக்கிறது. அதை எழுதும் நேரம் பார்த்து மின்சாரம் போனால் உள்ளே குப்பை எழுத்துகள்தான் மிஞ்சும். அந்தப் பைலைப் பெயர் மாற்றி ஒதுக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள், புதியதை அதுவே எழுதிக்கொள்ளும். புதிய கொப்பியில் எல்லா லொக்கும் இன்றைக்குத்தான் முதன்முதல் கண்டதாகப் பதியப்படும். ஆகவே கிழமைக்கு ஒருதடவை சுழல வேண்டியது ஏழு நாள் வரை சும்மா இருக்கும். பழுதென்று நினைத்து மறுபடி அதை அழித்துவிட வேண்டாம். பொறுக்க முடியாத அளவுக்கு லொக் பெருத்திருந்தால் ‘சூடோ லொக்ரொட்டேட் -எப் /ஈடிசி/லொக்ரொட்டேட்.கொன்ப்’ என்று ஒருமுறை வலிந்து சுழற்றிவிடுங்கள்.